கல்யாணத்துக்குள்ள 15 கிலோவா? மொதல்ல அந்தக் குறட்டையப் பாப்போம்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயசு 47, விருதுநகர் பக்கம். வீட்டுக்காரர் மளிகைக் கடை வச்சிருக்காரு, காலைல பத்து மணிலருந்து ராத்திரி ஒம்பதரை வரைக்கும் கல்லால நான்தான் உக்காருவேன். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 82 கிலோ, இடுப்பு 101 சென்டிமீட்டர். மூணு வருஷம் முன்னாடி மாவுச்சத்த கொறச்சு பேலியோ டயட் இருந்து 84-லருந்து 71-க்கு வந்தேன், இப்ப திரும்ப 82. படி ஏறுனா முட்டி வலி. மத்தியானம் கல்லாலயே தூங்கி வழியிறேன். குறட்டை தாங்கலன்னு வீட்டுக்காரர் ஹால்ல படுக்குறாரு, மூச்சு நின்னு நின்னு வருதும்மான்னு மக சொல்றா. பீரியட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, வந்தா பத்து நாள். போன மாசம் டெஸ்ட்ல மூணு மாச சராசரி சுகர் காட்டுற ஹெச்பிஏ1சி 6.2, தைராய்டு டெஸ்ட் டிஎஸ்ஹெச் 5.8, பிபி 138/88. தை மாசம் மகளுக்குக் கல்யாணம், அஞ்சு மாசம்தான் இருக்கு, அதுக்குள்ள 15 கிலோ கொறைக்கணும். விசேஷத்துக்குப் போனா என்ன இப்படி ஊதிட்டன்னு கேக்குறாங்கன்னு போறதையே விட்டுட்டேன். இது தைராய்டா, வயசா? எடை கொறைய எல்லாரும் பேசுற அந்த ஊசி போட்டுக்கலாமா? வீட்டுக்காரருக்கு சுகர், மாத்திர சாப்பிடுறாரு, ஆளுக்கொரு சமையல் செய்ய நேரம் இல்ல, என்ன பண்றது?

பதில்: வணக்கம்மா. 15 கிலோங்கறத பெருசா எழுதிட்டு குறட்டைய போற போக்குல ஒரு வரியில சொல்லிட்டீங்க, நான் அத தலகீழா எடுத்துக்கிறேன். அந்த ஒரு வரிதான் உங்க லெட்டர்லயே முக்கியமானது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அதுக்கு ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. கழுத்துலயும் நாக்கு அடியிலயும் கொழுப்பு சேந்து, தூங்கும்போது தசையெல்லாம் தளந்து போயி, தொண்டை அடைச்சுக்கும், காத்து உள்ள போகாது, ரத்தத்துல ஆக்சிஜன் கொறையும், மூள பதறிப்போயி உங்கள லேசா எழுப்பி விடும், திரும்ப தூங்குவீங்க, திரும்ப அடைக்கும். இதுவே ராத்திரி பூரா நடக்கும், ஆனா காலைல உங்களுக்கு ஞாபகமே இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தேனே அப்பறமும் ஏன் இவ்வளவு அசதின்னு மட்டும் தோணும். மத்தியானம் கல்லால கண்ணு சொக்குறது சோத்து மயக்கம் மட்டும் இல்லம்மா.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. தூக்கம் கெட்டா பசிய தூண்டுற ஹார்மோன் கூடும், வயிறு நெறஞ்சுதுன்னு சொல்ற ஹார்மோன் கொறையும், மறுநாள் நாக்கு இனிப்பையும் எண்ணெய் பலகாரத்தையும்தான் தேடும். பிபி ஏறும், சுகர் ஏறும், உடம்ப அசைக்கவே மனசு வராது. எடையினால குறட்டை, குறட்டையினால எடை. இத வச்சுக்கிட்டு டயட் இருந்தா எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் பாதி தூரத்துலயே மூச்சு வாங்கும். அதனால இந்த மாசமே ஒரு நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்க, ஸ்லீப் ஸ்டடி எழுதித் தருவாங்க, இப்ப சின்ன மெஷின வீட்டுக்கே குடுத்து ஒரு ராத்திரி மாட்டிட்டுத் தூங்கச் சொல்ற வசதியும் வந்துருச்சு. குறட்டை, பகல்ல அசதி, மூச்சு நிக்கிறத பக்கத்துல இருக்கவங்க பாத்தது, இந்த மூணு கேள்விக்கும் உங்க பதில் ஆமாதான், டெஸ்ட் பண்றதுக்கு அதுவே போதும். தேவைன்னு வந்தா சிபாப்னு ஒரு மெஷின் குடுப்பாங்க, மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டா காத்த அழுத்தி அனுப்பி தொண்டைய தொறந்தே வச்சிருக்கும். மொத ஒரு வாரம் எரிச்சலா இருக்கும், பழகுனவங்க அத விடவே மாட்டாங்க. அதுவரைக்கும் மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுங்க, தூக்க மாத்திர யாரு குடுத்தாலும் வாங்காதீங்க, ராத்திரி கடை பூட்டிட்டு நீங்க ஸ்கூட்டி ஓட்டிட்டுப் போற ஆளா இருந்தா கொஞ்ச நாளைக்கு பின்னாடி உக்காந்துட்டே போங்க.

ரெண்டாவது, அந்த பீரியட்ஸ். 47 வயசுல தள்ளித் தள்ளி வர்றது சகஜம்தான், ஆனா பத்து நாள் போறத சகஜம்னு விட்டுறக் கூடாது. கொழுப்பு சும்மா கெடக்கற மூட்ட இல்ல, அது ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பள ஹார்மோன தானே தயாரிக்கும், கருமுட்ட ஒழுங்கா வராத மாசத்துல அந்த ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பை உள்சுவர தடிமனாக்கிக்கிட்டே போகும். எடை கூடின பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை உள்சுவர் கேன்சர் ஆபத்து அதிகம்ங்கறதுக்கு காரணம் இதுதான். பயமுறுத்தறதுக்கு சொல்லல, பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஒரு ஸ்கேன் எடுத்தா உள்சுவர் எவ்வளவு தடிமன்னு தெரிஞ்சுரும், தேவப்பட்டா கொஞ்சம் திசு எடுத்துப் பாப்பாங்க. கல்யாண வேல முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க, ரத்தம் அதிகமா போறதால ஹீமோகுளோபினையும் சேத்துப் பாத்துருங்க, அசதிக்கு அதுவும் ஒரு பங்காளியா இருக்கலாம்.

தைராய்டான்னு கேட்டீங்க. டிஎஸ்ஹெச் 5.8 லேசான ஏத்தம்தான். ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஃப்ரீ டி4, ஆன்டி டிபிஓன்னு இன்னும் ரெண்டு தைராய்டு ரத்த டெஸ்டையும் சேத்து திரும்பப் பாருங்க, மாத்திர வேணுமான்னு அப்ப முடிவு பண்ணலாம். ஆனா ஒண்ணு, நல்லா கொறஞ்சு போன தைராய்டே ரெண்டுலருந்து அஞ்சு கிலோதான் ஏத்தும், அதுவும் பெரும்பங்கு உப்பும் தண்ணியும். உங்க அளவுல இருக்க லேசான ஏத்தத்து மேல பெருசா பழி போட முடியாது. எங்கிட்ட வர்ற பாதிப் பேரு தைராய்டு மேலயே பழியப் போட்டுட்டு நிம்மதியா இருக்காங்க, பாவம் அந்த சுரப்பி.

வயசான்னு கேட்டதுக்கு பதில் ஆமாவும் இல்லையும். நாப்பது தாண்டுனா மெட்டபாலிசம் படுத்துரும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, 2021-ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 29 நாட்டுல 6,400 பேருக்கு மேல அளந்து பாத்தாங்க. உடம்பு சைஸ கணக்குல எடுத்துட்டுப் பாத்தா இருபது வயசுலருந்து அறுபது வரைக்கும் உடம்பு எரிக்கிற கலோரி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு, அறுபதுக்கு மேலதான் மெதுவா எறங்குது. அப்ப நாப்பதுல என்னதான் நடக்குது? நடமாட்டம் கொறையுது, தசை கரையுது, தூக்கம் கெடுது, பொம்பளைங்களுக்கு ஹார்மோன் மாறும்போது தொடையில இடுப்புல இருந்த கொழுப்பு வயித்துக்கு எடம் மாறுது. உங்க கணக்குல இன்னொண்ணும் உண்டு, ஒரு நாளைக்கு பதினோரு மணி நேரம் ஒரே ஸ்டூல்ல உக்காந்திருக்கீங்க.

உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற பிஎம்ஐ கணக்கு உங்களுக்கு 34. நம்மூரு ஆளுங்களுக்கு 25 தாண்டுனாலே உடல் பருமன்னுதான் கணக்கு, ஏன்னா அதே எடையுள்ள வெள்ளக்காரங்கள விட நமக்கு கொழுப்பு அதிகம், தசை கம்மி. புனேவுல இருக்க டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன்ல இருக்க டாக்டர் யுட்கினும் 2004-ல லேன்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில தங்களோட ரெண்டு போட்டோவ பக்கத்துல பக்கத்துல போட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா யுட்கினுக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால எனக்கு எடைய விட இடுப்பளவு முக்கியம். பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டுனா கவனிக்கணும், உயரத்துல பாதிக்குள்ள இருந்தா நல்லது, அதாவது உங்களுக்கு 77 பக்கம், நீங்க இருக்கறது 101. தூரம் அதிகம்தான், ஆனா நீங்க தனியா இல்ல, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல பத்துப் பொம்பளைங்கள்ல நாலு பேரு எடை கூடினவங்க. விசேஷ வீட்டுல என்ன இப்படி ஊதிட்டன்னு உங்களக் கேட்டவங்கள்லயும் அதே கணக்கு உண்டு.

இப்ப பேலியோவுக்கு வர்றேன். 13 கிலோ கொறச்சீங்க, 11 ஏறிடுச்சு. அதுக்கு உங்க மனக்கட்டுப்பாடு பத்தாதுன்னு நீங்களே திட்டிக்காதீங்க. 2011-ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, பத்து வாரம் கடும் டயட்ல எடை கொறச்சவங்கள ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா, பசி ஹார்மோன் இன்னும் ஏறியே நிக்குது, திருப்தி ஹார்மோன் கொறஞ்சே நிக்குது. உடம்பு அத பஞ்சம்னுதான் எடுத்துக்கும், இழந்தத மீட்டே தீருவேன்னு நிக்கும். மேல, வேகமா கொறையும்போது கொழுப்போட தசையும் கரையும், திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாதான் ஏறும், அதனால இன்னைக்கு இருக்க 82, அன்னைக்கு 84-லருந்து எறங்கும்போது தொட்ட 82 இல்ல, இதுல தசை கம்மி. பேலியோ வேலையே செய்யாதுன்னு நான் சொல்லல, மாவுச்சத்த கொறச்சா சுகர் எறங்கும்தான். ஆனா அரிசி மூட்டைக்கும் வெல்லத்துக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, தெனமும் நாலு பேருக்கு சோறு வடிச்சுக்கிட்டு, நீங்க மட்டும் முட்டையும் பாதாமும்னு எத்தன வருஷம் ஓட்டுவீங்க? கொறைக்கிறதுக்கு ஒரு வழி, நிப்பாட்டுறதுக்கு வேற வழின்னு இருந்தா அது நிக்காது. எந்தப் பழக்கத்த அறுபது வயசுலயும் பண்ண முடியுமோ அத மட்டும் ஆரம்பிங்க.

அதனால தைக்குள்ள 15 கிலோங்கறத விட்டுருவோம். அஞ்சு மாசத்துல 5லருந்து 6 கிலோ, அது ஏறாம நிக்கணும், அவ்வளவுதான் குறி. அவ்வளவுதானான்னு மொகம் சுளிக்காதீங்க. அமெரிக்காவுல 2002-ல வந்த டயபடிஸ் தடுப்பு ஆய்வுல, சுகர் எல்லையில இருந்தவங்களுக்கு குடுத்த டார்கெட்டே எடையில 7 சதவீதமும் வாரத்துக்கு 150 நிமிஷ நடையும்தான், அதுல சுகர் வர்றது 58 சதவீதம் கொறஞ்சுச்சு. உங்களுக்கு 7 சதவீதம்னா ஆறு கிலோவுக்கும் கீழதான். அத விட நம்ம சென்னை ஆய்வுதான் எனக்குப் பிடிச்சது, டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல வெளியிட்டது, சாப்பாட்டையும் நடையையும் மாத்துனவங்களுக்கு சுகர் வர்றது 28.5 சதவீதம் கொறஞ்சுச்சு, அதுல வேடிக்கை என்னன்னா அவங்களுக்கு சராசரி எடை பெருசா எறங்கவே இல்ல. முள்ளு அசையாட்டியும் உள்ள நல்லது நடக்குது. உங்க ஹெச்பிஏ1சி 6.2, இன்னும் சுகர் இல்ல, 6.5 தொட்டாதான் சுகர், அந்த வாசல்ல நிக்கிறீங்க. முட்டிக்கும் இதே கணக்குதான், ஒரு கிலோ கொறஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டியில விழற பாரம் நாலு கிலோ கொறையும், ஆறு கிலோன்னா இருபத்தி நாலு, நீங்க வாங்கி அடுக்குற சிப்பத்துல ஒண்ண எறக்கி வச்ச மாதிரி. ஈரல்ல கொழுப்பு இருந்தா, உங்க அளவுல அனேகமா இருக்கும், எடையில 5 சதவீதம் கொறஞ்சாலே அது கரைய ஆரம்பிச்சுரும்.

சரி எங்க கை வைக்கிறது. உங்க வீட்டுல பிரச்சின சோறு இல்ல, நேரம். ஒம்பதரைக்கு கடை பூட்டி, பத்து மணிக்கு மேல தோசக்கல்லப் போட்டு, பசியோட வேகத்துல அஞ்சாறு தோச, நடுவுல என்னிக்காச்சும் எண்ணெய் பரோட்டா பார்சல், பதினொன்னரைக்குப் படுக்கைன்னு ஓடுற கடை வீடுங்க எத்தனையோ நான் பாத்திருக்கேன், உங்க வீடும் அப்படித்தான்னு நெனைக்கிறேன். நான் சொல்ற மொத மாத்தம் இது ஒண்ணுதான், ராத்திரி சாப்பாட்ட ஏழரைக்கு கடைக்கே கொண்டாங்க. மத்தியானம் கேரியர் வருதுல்ல, அது மாதிரி சாயங்காலமும் ஒண்ணு. ரெண்டு தோசயோ மூணு இட்லியோ, கூட ஒரு கிண்ணம் சுண்டலோ ரெண்டு முட்டையோ, சட்னிய விட சாம்பார் அதிகம். வீட்டுக்கு வந்ததும் மோர் குடிச்சுட்டு அடுப்படிய பூட்டிருங்க. இதுல வியாபாரம் கெடும்னு வீட்டுக்காரர் சொன்னா, ஆளுக்குப் பத்து நிமிஷம் மாத்தி மாத்தி உக்காருங்க, அவருக்கும் சுகர் இருக்குல்ல, அவருக்கும் இது நல்லதுதான்.

அடுத்து நாலரை மணிக்கு கொறிக்கிற சேவு, நீங்க எழுதல, ஆனா அனேகமா இருக்கும். சாத்தூருக்கு பக்கத்துல இருந்துக்கிட்டு சேவு சாப்பிடாதீங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா டின்ன கல்லா பக்கத்துல வைக்காதீங்க, எழுந்து போயி எடுக்கிற மாதிரி கடைசி அலமாரியில வைங்க, வேணும்னா ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்து சாப்பிடுங்க. பேப்பர் மடிச்சு கொறிக்கிறப்ப கணக்கே தெரியாது, 100 கிராம் சேவுல 500 கலோரிக்கு மேல. டீயும் அப்படித்தான், ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன்னா 40 கிராம் சீனி, உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. ஒரே நாள்ல நிப்பாட்டாதீங்க, வாரத்துக்கு அரை ஸ்பூன் கொறச்சுக்கிட்டே வாங்க, நாக்கு கண்டுபிடிக்காது. சீனிக்கு பதில் கருப்பட்டி, நாட்டுச் சக்கரைன்னு மாத்திக்கிட்டா சரியாயிரும்னு நெனைக்கிறதும் வேண்டாம், உடம்புக்கு அதுவும் சக்கரைதான்.

எண்ணெய்ய ஸ்பூன் வச்சு அளக்கச் சொன்னா யாரும் அளக்க மாட்டாங்க, உங்களுக்கு வேற வழி இருக்கு, கடையிலருந்து வீட்டுக்கு மாசம் எத்தன லிட்டர் போகுதுன்னு நோட்டுல எழுதுங்க. ஆளுக்கு அரை லிட்டர்லருந்து முக்கால் லிட்டர் சரியான அளவு. நாலு பேரு வீட்டுக்கு அஞ்சு லிட்டர் போச்சுன்னா ஆளுக்கு ஒண்ணேகால் லிட்டர், அதுல அரை லிட்டர் கொறச்சாலே மாசத்துக்கு ஒரு ஆளுக்கு நாலாயிரம் கலோரி, கணக்குப் போட்டா அரை கிலோ கொழுப்பு. செக்கு எண்ணெய்யா இருந்தாலும் கணக்கு அதேதான், செக்குல ஆட்டுனா கலோரி கொறையாது.

சோத்த நிப்பாட்ட வேண்டாம். தட்டுல மொதல்ல காய வைங்க, பொரியலோ கூட்டோ பாதித் தட்டு, கால் தட்டு பருப்போ மீனோ கோழியோ முட்டையோ, மிச்சம் இருக்க கால்ல சோறு. நம்ம நாட்டுச் சாப்பாட்டுல 62 சதவீதம் கலோரி மாவுச்சத்துலருந்துதான் வருதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு சொல்லுது, புரதம் ரொம்ப ரொம்ப கம்மி. உங்களுக்கு ஒரு நாளைக்கு 55, 60 கிராம் புரதம் வேணும், இல்லன்னா எடை கொறையும்போது தசையும் கூடவே போயிரும். முட்டையில ஆறு கிராம், வேக வச்ச கொண்டக்கடலை ஒரு கப்புல 12 கிராமுக்கு மேல, உள்ளங்கை அளவு மீன்ல இருபது பக்கம். செவ்வாய் வெள்ளி அசைவம் இல்லன்னா பயறு, சுண்டல், தயிர், பனீர். உங்க கடையிலயே எல்லாம் இருக்கு, எந்தப் பவுடர் டப்பாவும் வாங்க வேண்டாம். சிறுதானியமான்னு அடுத்து கேப்பீங்க. கம்பு, சாமை, வரகு நல்லதுதான், நார்ச்சத்து கூட, ஆனா கலோரி அரிசிக்கு பெரிய வித்தியாசம் இல்ல, கேப்பக் களிய மூணு உருண்ட உள்ள தள்ளிட்டு எடை ஏன் கொறையலன்னு கேக்குறவங்க நெறய பேரு.

உடற்பயிற்சின்னதும் ஜிம், யோகா கிளாஸ்னு நெனைச்சு பயந்துறாதீங்க. முட்டி வலி இருக்கறதால முதல்ல தொடை தசைய பலப்படுத்தணும், அதுக்கு கல்லாவே போதும். ஸ்டூல்ல உக்காந்தபடி ஒரு கால நேரா நீட்டி அஞ்சு எண்ணி எறக்குறது, காலுக்குப் பத்து. அப்பறம் கைய ஊனாம ஸ்டூல்லருந்து எந்திரிச்சு உக்கார்றது, மொதல்ல அஞ்சு முடிஞ்சா போதும், மாசம் போகப் போக பத்து, பதினஞ்சு. காலைல, மத்தியானம், சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து செய்ங்க. கைக்கு ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ரெண்டு எடுத்து தலைக்கு மேல தூக்கி எறக்குங்க, வர்ற கஸ்டமர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நடைய பொறுத்தவரைக்கும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம், மூணு வேளையும், அது சுகர உடனே எறக்கும். காலைல முடிஞ்சா இன்னும் பதினஞ்சு நிமிஷம். நடப்போம் நலம் பெறுவோம்னு 2023-லருந்து ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதைய அரசாங்கம் குறிச்சு வச்சிருக்கு, அத பாத்து மலைக்காதீங்க, ஒரு கிலோமீட்டர் போயிட்டுத் திரும்பினாலும் அது நடைதான். வலிச்சா நிறுத்துங்க, முட்டி வீங்கினா எலும்பு டாக்டர பாத்துட்டு அப்பறம் தொடருங்க.

அந்த ஊசி. மவுன்ஜாரோ (மருந்து பேரு டிர்செபடைட்) 2025 மார்ச்சுல நம்ம நாட்டுக்கு வந்துச்சு, வெகோவி (மருந்து பேரு செமாக்ளூடைட்) ஜூன்ல. ரெண்டும் நெஜமாவே வேலை செய்யுற மருந்து, இது சோம்பேறிங்களோட குறுக்குவழின்னு பேசுறவங்க பேச்ச நான் ஏத்துக்க மாட்டேன், பிபிக்கு மாத்திர சாப்பிட்டா யாரும் குறுக்குவழின்னு சொல்றதில்லையே. செமாக்ளூடைட் ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை கொறஞ்சுச்சு, டிர்செபடைட்ல பெரிய டோஸ்ல 72 வாரத்துல 20 சதவீதம் பக்கம். ஸ்லீப் ஆப்னியாவுக்கே டிர்செபடைட்ட அமெரிக்காவுல 2024 டிசம்பர்ல அனுமதிச்சுட்டாங்க. உங்க பிஎம்ஐக்கு நீங்க தகுதியான ஆளுதான். ஆனா கல்யாணத்துக்குன்னு போடாதீங்க. டோஸ மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாதான் ஏத்துவாங்க, முழு டோஸுக்கு வரவே நாலஞ்சு மாசம் ஆகும், நீங்க பந்தியில நிக்கிற நேரத்துக்குத்தான் மருந்தே முழு வேகத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும், நடுவுல கொமட்டல், வாந்தி, மலச்சிக்கல்னு அலைச்சல் வேற. நிறுத்துனா? செமாக்ளூடைட்ட நிறுத்துனவங்களுக்கு ஒரே வருஷத்துல கொறஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு, அதாவது உங்க பேலியோ கதைய ஊசியில திரும்ப ஓட்டிப் பாக்குறது. போட்டா வருஷக்கணக்குல போடணும், அந்த மாசச் செலவு குடும்பத்துக்குக் கட்டுமான்னு மொதல்லயே உக்காந்து கணக்குப் போடணும். கணையத்துல வீக்கம் வந்தவங்க, குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்தவங்க போடக் கூடாது, பித்தப்பையில கல்லு இருந்தா முன்கூட்டியே சொல்லணும். ஸ்லீப் ஸ்டடி ரிசல்ட் மோசமா வந்தா இந்தப் பேச்ச முன்னாடியே எடுக்கலாம், இல்லன்னா ஆறு மாசம் மேல சொன்னத பண்ணிப் பாத்துட்டு ஒரு சுகர் டாக்டர்கிட்ட உக்காந்து பேசுங்க. தெரிஞ்சவங்க ஃப்ரிட்ஜ்லருந்து ஒரு ஊசிப் பேனா எடுத்துத் தர்றாங்கன்னா கைய நீட்டாதீங்க. ஆபரேஷன் பத்தி நீங்க கேக்கல, இப்போதைக்கு தேவையும் இல்ல. பாட்டில்ல விக்கிற கரைக்கிற தைலம், பெல்ட்டு, ஷேக்கு, இதெல்லாம் காசுக்குக் கேடு.

விசேஷத்துக்கே போறதில்லன்னு எழுதுனது மனச என்னமோ பண்ணுச்சு. எடைய விட இது உடம்பக் கெடுக்கும்மா. போன ரெண்டு வாரமா எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கா, மனசு பாரமாவே இருக்கா, இந்த ரெண்டு கேள்விய உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்க, பெரும்பாலான நாள் ஆமான்னா அதயும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, மன அழுத்தமும் எடையும் ஒண்ணுக்கொண்ணு தோழிங்க. என்ன இப்படி ஊதிட்டன்னு கேக்குறவங்களுக்கு நீங்க விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவங்க இல்ல, ஆமா சித்தி டாக்டர பாத்துட்டு இருக்கேன், உங்க சுகர் எவ்வளவு இருக்குன்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க, பேச்சு மாறிரும். கல்யாண வாரத்துல கணக்குப் பாக்காதீங்க, மக கல்யாணத்துல பாயசம் வேண்டாம்னு சொல்லச் சொல்ற டாக்டர் நான் இல்ல, ஆனா தொடர்ந்து விருந்துச் சாப்பாடுங்கறதால காலை டிபன்ல மட்டும் அளவா இருங்க, பொண்ணோட அம்மாங்க வழக்கமா பண்ற மாதிரி நாள் பூரா பட்டினி கெடந்துட்டு சாயங்காலம் மயக்கம் போட்டு விழாதீங்க.

கடைசியா வீட்டுக்காரர் சமையல். தனியா எதுவும் செய்ய வேண்டாம், உங்களுக்கு சொன்ன தட்டுதான் அவருக்கும், மக்களுக்கும், மாமியார் இருந்தா அவங்களுக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை. அவரு மாத்திர அட்டைய எடுத்துப் பாருங்க, மெட்ஃபார்மின் மட்டும்னா பயம் இல்ல, கிளிமிபிரைடு, கிளிக்லசைடுன்னு ஏதாச்சும் எழுதியிருந்தா, சோத்த கொறச்சுட்டு மாத்திரைய அதே அளவுல முழுங்குனா சுகர் தாழ்நிலைக்குப் போயிரும். கை நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, எரிச்சல், உளறல் இதெல்லாம் அதோட அறிகுறி, உடனே மூணு ஸ்பூன் சீனிய தண்ணியில கலந்து குடுத்துட்டு கால் மணி நேரத்துல திரும்ப சுகர் பாக்கணும், மயங்கிட்டாருன்னா வாயில எதையும் ஊத்தாம 108-க்கு போன் பண்ணனும். அதனால சாப்பாட்ட மாத்தறதுக்கு முன்னாடியே அவரு டாக்டர்கிட்ட இப்படி மாத்தப் போறோம்னு சொல்லிருங்க, மொத ரெண்டு வாரம் காலைல வெறும் வயித்துலயும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியும் மீட்டர்ல பாத்து எழுதி வைங்க, மாத்திரைய எவ்வளவு கொறைக்கணும்னு அந்த நோட்டப் பாத்து டாக்டர் சொல்லுவாரு.